மூன்று மணி வாத்தியார்

“மூக்கைத் துடை, பேரைச் சொல்லு. ரெண்டையும் ஒண்ணா செய்யாதே நைனா” என்று சொல்லிக்கொண்டே இன்பராஜ் உபாத்தியாயர் கோட்டுப் பையிலிருந்து ஒரு பிடி பொட்டுக்கடலையை எடுத்துப் புதுப் பையனுடைய கையில் கொட்டுகிறார். பையன் கையை மூடிக்கொண்டான் என்றால் காரியம் முடிந்தது. கடலையைக் கீழே போட மனசு வராது, மூடின கையோடு வேகமாக ஓடவும் முடியாது. அவன் இப்படியா அப்படியா என்று யோசிப்பதற்குள் உபாத்தியாயர் சுத்தியலை எடுத்து, புங்க மரத்துக் கிளையில் தொங்கும் தண்டவாளத் துண்டை ஓங்கி மூன்று அடி அடித்துவிடுகிறார். “ஏறியாச்சு. இனிமே எறங்கப்படாது” என்று பையனைத் தோளைப் பிடித்து உள்ளே திருப்பி விடுகிறார்.

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கக் காம்பில் இந்த மூன்று அடிக்கு அர்த்தம் தெரியாதவர்கள் கிடையாது. சுரங்கத்தில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆட்கள் ஏறிக் கதவைச் சாத்தியதும் மூன்று மணி அடிப்பார்கள். அதற்குப் பிறகு பெண்டாட்டி ஞாபகம் வந்தாலும் சரி, வெற்றிலைப் பை ஞாபகம் வந்தாலும் சரி, நடுவழியில் ஒருவரும் இறங்க முடியாது. முன்பெல்லாம் காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்த தகப்பனே மத்தியானம் வந்து, வீட்டில் ஆடு பார்க்க ஆள் இல்லை என்று இழுத்துக்கொண்டு போவானாம். உபாத்தியாயர் சட்டம் சொல்லிப் பார்த்தார், வேதவாக்கியம் சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் தண்டவாளத்தில் மூன்று அடி அடித்து, “மூணு அடிச்ச கேஜை பாதியில நிறுத்துவியா நீ?” என்று கேட்டார். தகப்பன் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போனான். அன்று முதல் அவருக்கு மூன்று மணி வாத்தியார் என்று பேர். புதிதாக வருகிறவர்கள் பள்ளிக்கூடம் மூன்று மணிக்கு விடுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஏமாந்து போவார்கள்.

அடிக்கிற அடி கடைசி லைன் வரைக்கும் கேட்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். லைன் என்றால் கூலிக்காரர்களுடைய தட்டி வீடுகளின் வரிசை. காற்று எதிர்த்து வீசினால் அது விழும் வரை காத்திருப்பார். “கடைசி வீட்டுக்குக் கேக்காத மணி மணியா? யாரைச் சேத்தோம்னு ஊருக்குத் தெரியணும்” என்பார். ராத்திரி ஷிப்டு முடிந்து அப்போதுதான் கண்ணயர்ந்த ஆண்பிள்ளைகள் அவரை வாயார வாழ்த்துவதுண்டு. அந்த வாழ்த்துகளைப் பத்திரிகையில் எழுதுவதற்கில்லை.

ஆள் நெட்டை. கோட்டு ஒரு காலத்தில் கறுப்பாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தலைப்பாகை. வெள்ளை மல் துணியில் கட்டிய அந்தத் தலைப்பாகை இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் காம்பில் இல்லை. மாதா கோயிலின் எதிரே இருக்கும் அவர்கள் சபைக் கோயிலிலும் அப்படியே. யோசனை வந்தால் ஒரு தரம், கோபம் வந்தால் இரண்டு தரம் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். அதற்குள் தங்கக் கட்டி இருக்கிறது என்று ஒரு கட்சிப் பிள்ளைகளும், கொம்பு இருக்கிறது என்று மறு கட்சிப் பிள்ளைகளும் சண்டை போடுவார்கள். அவர் மனைவி லூயிசா அம்மாளிடம் நானே கேட்டுப் பார்த்தேன். “அதைச் சொல்றதில்லைன்னு கண்ணாலத்துல வாக்குக் குடுத்திருக்கேங்க” என்று சிரித்துவிட்டார்.

நான் யார் என்று கேட்கலாம். இந்தக் காம்பில் அம்மை குத்துகிறவன். பள்ளிக்கூடத்தில் சேரும் பிள்ளைகளுக்கு அம்மை குத்தியிருக்க வேண்டும் என்பதால் சேர்க்கை நடக்கும் நாட்களில் நானும் அங்கே ஆஜர். என் பெட்டியைக் கண்டாலே பிள்ளைகள் வேலி தாண்டுவார்கள். ஆகையால் உபாத்தியாயர் என்னைக் கதவுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் ஒளித்துவைத்து, மூன்று மணி அடித்த பிறகே வெளியே விடுவார். எமனுக்குக் கூட இவ்வளவு மறைவு தேவைப்படாது.

கதவு இடுக்கு வழியாக அவருடைய வேலையைப் பார்ப்பது எனக்கு நல்ல பொழுதுபோக்கு. வயசு கண்டுபிடிப்பதுதான் அதில் பெரிய கூத்து. எங்கள் ஜனங்களுக்கு வருஷக் கணக்கு கிடையாது, லெவல் கணக்குத்தான். பூமிக்குள்ளே அடுக்கடுக்காக வெட்டிக்கொண்டு போகும் தளத்துக்கு லெவல் என்று பேர். “ஆறாம் லெவல் வெட்டறப்போ பொறந்தாங்க” என்பாள் தாய். எந்தச் சுரங்கத்து ஆறாம் லெவல் என்று உடனே கேட்க வேண்டும். மைசூர் மைன்ஸ் ஆறாம் லெவலும் சாம்பியன் ரீப்ஸ் ஆறாம் லெவலும் ஒரே வருஷத்தில் வெட்டினவை அல்லவே! ஒரு வருஷம் இதைக் கேட்க மறந்து, மீசை அரும்பிய ஒருவனை அரிச்சுவடி வகுப்பில் உட்கார்த்திவிட்டார். அவன் நல்ல பையன். கூரை ஒழுகினால் எட்டி ஓலை செருகுவதற்கு உதவியாக இருந்தான்.

தை முடிந்தால் சேர்க்கையும் முடிந்தது என்பது மேலிடத்து விதி. பொங்கலுக்கு வட ஆற்காட்டுக்குப் போன ஜனங்களோ பொங்கலோடு திரும்புவதில்லை. பொங்கல் முடிந்தால் மாமன் வீட்டுக் கல்யாணம். அது முடிந்தால் குலதெய்வத்துக்கு மொட்டை. அதுவும் முடிந்தால் ஒரு கிழவி சாகிறாற்போல இருந்துகொண்டு சாகாமல் இழுத்தடிப்பாள். இதை உத்தேசித்து, வெளியூரிலிருந்து பிந்தி வந்து இறங்கிய பிள்ளைகளை மட்டும் மாசி மாதத்திலும் சேர்க்கலாம் என்று விதியில் ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். அந்த ஒரு மாதமும் உபாத்தியாயர் காலை மாலை இரண்டு வண்டிக்கும் ஸ்டேஷனில் காவல் நிற்பார். மூட்டை இறக்குவதற்கு முன்னால் பிள்ளையின் கையில் கடலை விழுந்துவிடும். “இன்னா வாத்தியாரே, வூட்டைக் கூட பாக்க விடமாட்டீங்களா?” என்று பெண்கள் கூச்சல் போடுவார்கள். “வூடு ஓடிப்போவாது, இவன் ஓடிப்போவான்” என்பது அவர் பதில்.

பொய் மட்டும் ஒரு வரி எழுதமாட்டார். அதில்தான் இந்த வருஷம் வசமாக மாட்டிக்கொண்டார்.

சேர்க்கை முடிகிற சமயத்தில் காத்தவராயன் என்று ஒரு பையன் சேர்ந்தான். தகப்பன் பெருமாள் சுரங்கத்தில் இறங்குகிறவன். தாய் ரத்தினம்மா தங்கக் கல் அரைக்கும் மில்லில் கல் பொறுக்குகிறவள். ஊரில் குலதெய்வத்துக்கு வேண்டுதல் தீர்த்துவிட்டு வந்ததில் பையன் தலை பளபளவென்று மொட்டை. உபாத்தியாயர் அவனுக்குக் கடலை கொடுத்து மணி அடித்தார், நானும் கையில் அம்மை குத்தி அனுப்பினேன். சில நாள் கழித்து உபாத்தியாயர் கவலையோடு என்னிடம் வந்தார்.

“அந்த மொட்டைப் பையனுக்கு இன்னாவோ கோளாறுங்க. ஒரு நாள் பார்த்தா அகர வரிசையைத் தண்ணி மாதிரி சொல்றான். மறுநாள் ‘ஆ’வைக் காட்டினா ஆடுன்றான். ஒரு நாள் மூளை மேல் லெவல்ல கீது, ஒரு நாள் அடி லெவலுக்கு எறங்கிடுது.”

வயிற்றுப் பூச்சியாக இருக்கும் என்று நான் பெரிய மனுஷத்தனமாகச் சொல்லி, விளக்கெண்ணெய் கொடுத்தேன். நான் கொடுத்த அன்று அது மேல் லெவல் நாள். பிள்ளை மடமடவென்று குடித்துவிட்டு, உயிரெழுத்து பன்னிரண்டையும் ஒப்பித்துவிட்டுப் போனது.

அதற்கு அடுத்த வாரம், குத்தின அம்மை எழும்பியிருக்கிறதா என்று பார்க்கப் போனேன். “காத்தவராயன்” என்று கூப்பிட்டதும் மொட்டைத் தலை முன்னே வந்தது. சட்டைக் கையைச் சுருட்டினேன். கை வழவழவென்று இருந்தது. கொப்புளமும் இல்லை, வடுவும் இல்லை. என் உத்தியோகமே ஆட்டம் கண்டுவிட்டது.

“சேர்ந்த அன்று இங்கேதானே குத்தினேன்? எங்கேடா தழும்பு?” என்றேன்.

“அது அவன் கையில கீதுங்க.”

“எவன் கையிலே?”

“காத்தவராயன் கையில.”

“அப்போ நீ யார்?”

பிள்ளை கொஞ்சம் யோசித்தது. “நானும் இன்னிக்குக் காத்தவராயன்தாங்க.”

“நாளைக்கு?”

“நாளைக்குச் சம்பங்கி. வூட்ல பாப்பாவைப் பாத்துக்கணும்.”

விஷயம் இதுதான். வீட்டில் பிள்ளைகள் மூன்று. அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே வேண்டுதலில் ஒரே நாளில் மொட்டை. இருவர் காதிலும் ஒரே மாதிரி கடுக்கன். வீட்டில் இருப்பதோ ஒரே சட்டை. கைக்குழந்தையை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால், ஒரு நாள் அண்ணன், ஒரு நாள் தங்கை என்று முறை வைத்துக்கொண்டு, சட்டையை மாற்றி, ஒரே பேரில் வந்துகொண்டிருந்தார்கள். மேல் லெவல் நாளெல்லாம் சம்பங்கியுடையது. விளக்கெண்ணெயும் அவளுக்கே போயிற்று.

வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. உபாத்தியாயர் மட்டும் சிரிக்காமல் தலைப்பாகையை இரண்டு தரம் தொட்டுப் பார்த்தார். அவருடைய முகத்தைப் பார்த்த சம்பங்கிக்குத் தன்னைத் துரத்தப்போகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. சட்டையின் மறு கையையும் மேலே ஏற்றி, இரண்டு கையையும் என்னிடம் நீட்டினாள்.

“ரெண்டு கையிலியும் குத்துங்க. நான் அழமாட்டேன். போவவும் மாட்டேன்.”

அம்மை குத்த வந்த இத்தனை காலத்தில் தானாகக் கையை நீட்டிய பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஒரு கையில் மட்டும் குத்தினேன். சொன்னபடி அவள் அழவில்லை.

சாயங்காலம் தாய் தகப்பன் இருவரும் கூப்பிட்ட குரலுக்கு வந்தார்கள். பெருமாளுக்குத் தான் செய்த தப்பே விளங்கவில்லை. “எங்க சொரங்கத்து ஷாப்ட்ல இதாங்க வழக்கம். எங்க அண்ணனுக்குக் காய்ச்சல்னா அது பேர்ல நான் எறங்குவேன், எனக்குக் காய்ச்சல்னா எம்பேர்ல அது எறங்கும். மேஸ்திரிக்கு ஆள் கொறையாம இருந்தா சரிங்க. இங்கியும் அப்டித்தான்னு நெனச்சேன்” என்றான்.

“அங்க கல்லு மேலே வந்தா போதும் பெருமாளு. இங்க எந்தத் தலைக்குள்ள இன்னா போச்சுன்னு எனக்குத் தெரிய வேணாமா?” என்றார் உபாத்தியாயர்.

“ரெண்டையும் அனுப்பினா சின்னதை யாருங்க பாத்துக்குவாங்க?” என்றாள் ரத்தினம்மா.

“அதையும் இட்டுகினு வரட்டும். மரத்துல தூளி கட்டு.”

“அப்போ சம்பங்கி பேரையும் சேத்துக்குங்க.”

அங்கேதான் இடித்தது. தை போய் மாசியும் பாதி ஆகிவிட்டது. இனிமேல் சேர வேண்டுமானால் வெளியூரிலிருந்து பிந்தி வந்து இறங்கிய பிள்ளையாக இருக்க வேண்டும். சம்பங்கியோ அண்ணனோடு தையிலேயே வந்து இறங்கிவிட்டவள். எங்கேயோ கிடந்து வந்தவளைச் சேர்க்க வழி இருந்தது; ஒரு நாள் விட்டு ஒரு நாள் இதே வகுப்பில் உட்கார்ந்து, அண்ணனைவிட நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவளைச் சேர்க்க வழி இல்லை.

“வுடுங்க, அடுத்த வருசம் பாத்துக்கலாம்” என்றான் பெருமாள். அவன் நல்ல மனசோடுதான் சொன்னான். ஆனால் ‘அடுத்த வருசம்’ என்று சொல்லிப் போன பெண்பிள்ளை ஒன்றும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அடுத்த வருஷம் தூளியில் வேறொரு குழந்தை இருக்கும். அதற்கும் அடுத்த வருஷம் அவள் தாயோடு கல் பொறுக்கப் போவாள்.

நான் உபாத்தியாயருடைய காதண்டை போய், “நேற்று ஊரிலிருந்து வந்தாள் என்று எழுதிவிடுங்களேன், யார் கேட்கப்போகிறார்கள்?” என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் அவருடைய சோற்றில் மண்ணைப் போட்டாற்போல இருந்தது. “இத்தனை நாள் காத்தவராயன் வந்தான்னு எழுதினதுல பாதி பொய்யாப் போயிடுச்சு. தெரியாம சொன்னதுக்கே இன்னிக்கு ராத்திரி முழங்கால் போட்டு ஜெபிக்கணும். தெரிஞ்சு வேற ஒண்ணு சொல்லணுமா?” என்றார்.

பிறகு தலைப்பாகையை ஒரு தரம் தொட்டுக்கொண்டார். எழுந்து நின்று, விதியைப் பாடம் போல உரக்கச் சொன்னார்: “வெளியூரிலிருந்து பிந்தி வந்து இறங்கிய பிள்ளைகளைச் சேர்க்கலாம்.” யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. மறுபடியும் சொன்னார். இந்தத் தரம் ‘வெளியூரிலிருந்து’ என்கிற வார்த்தையை ரப்பர் மாதிரி இழுத்தார்.

ரத்தினம்மா தலையை நிமிர்த்தினாள். “வெளியூருன்னா எந்த ஊருங்க அய்யா?”

“எந்த ஊருன்னு விதியில இல்லை.”

“எவ்ளோ தொலைவுல இருக்கணும்?”

“தொலைவும் சொல்லலை.”

“எந்தங்கச்சி பவுரிங்பேட்டை ஜங்ஷனண்ட கீறாங்க. அதைப் பாத்து ரொம்ப நாளாச்சு.”

“கூடப் பொறந்தவங்களை அப்பப்போ போய்ப் பாக்கறது நல்லதுதான்” என்று உபாத்தியாயர் மிகவும் கண்டிப்பான குரலில் சொன்னார். பெருமாள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு விளங்குவதற்குள் ரத்தினம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சாயங்கால வண்டிக்கு ஓடிவிட்டாள்.

மறுநாள் காலை வண்டிக்கு உபாத்தியாயர் வழக்கம் போல ஸ்டேஷனில் நின்றார். வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். சித்தி கொடுத்த பச்சைப் பாவாடை காலைத் தடுக்க, இடுப்பில் குழந்தையோடு சம்பங்கி இறங்கினாள். பின்னால் காத்தவராயன், முழுச் சட்டையும் தனக்கே என்கிற பெருமையோடு இறங்கினான். உபாத்தியாயர் முன்பின் பார்த்திராத பிள்ளையைக் கேட்பது போலக் கேட்டார்.

“எந்த ஊர்லேருந்து வர்றே?”

“பவுரிங்பேட்டைங்க.”

“எப்போ வந்து எறங்கினே?”

“இப்பத்தாங்க. நீங்கதான் பாத்துகினு இருந்தீங்களே!”

உபாத்தியாயருக்குப் பரம திருப்தி. ஸ்டேஷனிலிருந்து பள்ளிக்கூடம் வரை முன்னால் அவர், பின்னால் பிள்ளைகள், அதற்கும் பின்னால் ரத்தினம்மா என்று ஊர்வலமாக நடந்தார்கள். தூளி கட்டுவதற்கு எட்டுகிற கிளை புங்க மரத்தில் ஒன்றுதான் இருந்தது. அது மணி தொங்கும் கிளை. ரத்தினம்மா தன் பழைய சேலையை அதில் கட்டிக் குழந்தையைப் போட்டு ஆட்டினாள். ராத்திரி முழுவதும் ஜங்ஷனில் இன்ஜின் சத்தத்தில் தூங்காத குழந்தை, போட்டதும் தூங்கிவிட்டது.

மில்லுக்கு நேரமாகியும் ரத்தினம்மா போகவில்லை. “மூணு அடி கேட்டுட்டுப் போறேங்க. அதைக் கேட்டாத்தான் அவரு அப்பால ஒண்ணும் சொல்லமாட்டாரு” என்று வேலிப் பக்கம் கண்ணைக் காட்டினாள். அங்கே ஷிப்டுக்குப் புறப்பட்ட பெருமாள் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றுகொண்டிருந்தான். அவனும் அதற்குத்தான் காத்திருந்தான்.

உபாத்தியாயர் பையிலிருந்து கடலையை எடுத்தார். “மூக்கைத் துடை. பேரைச் சொல்லு.”

“காத்த...” என்று தொடங்கிய சம்பங்கி நாக்கைக் கடித்துக்கொண்டாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இந்தத் தரம் கடைசி லைனுக்குக் கேட்கிறாற்போல, “சம்பங்கி!” என்றாள்.

கடலை அவள் கையில் விழுந்தது. உபாத்தியாயர் சுத்தியலை ஓங்கினார். அவளுடைய கத்தலுக்கே தூளிக்குள் ஒரு சின்னக் கை அசைந்தது. ஓங்கின கை அப்படியே நின்றது. குழந்தை விழித்துக்கொண்டு அழுதால் சம்பங்கி கடலையைப் போட்டுவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான். அடிக்காமல் விட்டாலோ, வேலிக்கு அப்பால் நிற்பவன் நாளைக்கே வந்து அவளைக் கூட்டிப்போவான். அவர் தூளியைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், சம்பங்கியைப் பார்த்தார். கை தலைப்பாகைக்குப் போயிற்று.

தொட்டுப் பார்க்கிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவரோ அதை அவிழ்த்தார். சுற்றுச் சுற்றாக அந்த வெள்ளை மல் இறங்கிக்கொண்டே வந்தது. உள்ளே தங்கமும் இல்லை, கொம்பும் இல்லை. சம்பங்கியுடையதைப் போலவே ஒரு மொட்டைத் தலை வெயிலில் பளபளத்தது. ஒரு பிள்ளை கூடச் சிரிக்கவில்லை. அந்தத் துணியைச் சுத்தியலின் தலையில் இறுகச் சுற்றிக்கொண்டு, தூளியின் மேல் ஒரு கண்ணும் பெருமாளின் மேல் ஒரு கண்ணுமாக, தண்டவாளத்தை மெதுவாக மூன்று தரம் தட்டினார்.